செல்வத்தின் பதினொரு நிமிடங்கள்

நான் ஏமாற்றினேன். செல்வத்தின் கணினி என்னுடையதைவிட வேகமானது என்று தெரிந்தே, பொய்யான அளவைக் காட்டி அவனைத் தோற்கடித்தேன். மூன்று ஆண்டுகளாக யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

காரணம் பொறாமை. அதற்கு வேறு நல்ல பெயர் ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்துவிட்டேன்... கிடைக்கவில்லை!

பசுமலையில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் நாங்கள் இருவரும் வேலை செய்கிறோம். எழுதிய நிரலைக் கணினியில் ஓடும் வடிவத்துக்கு மாற்றுவதைக் கம்பைல் என்போம். பழைய கணினிகளில் அதற்கு அரை மணி நேரம் ஆகும். புதிதாக இருபது வாங்க முடிவானபோது, ஒரே செலவுக்குள் பாகங்களை வாங்கி, ஆளுக்கொரு கணினியைச் சேர்த்துக் கட்டும்படி எங்கள் இருவரிடமும் சொன்னார் முதலாளி.

"எது சீக்கிரம் கம்பைல் பண்ணுதோ, அதே மாதிரி இருபது. ஜெயிச்சவருதான் டீம் லீடர்" என்றார்.

கணினியின் மூளையான பிராசஸரில் இருப்பதிலேயே பெரியதை நான் வாங்கினேன். அதைத் தாங்கி மின்சாரம் கொடுக்கும் மதர்போர்டை மிச்சப் பணத்துக்கு மலிவாக எடுத்தேன். செல்வமோ நடுத்தரப் பிராசஸரும் திடமான மதர்போர்டும் எடுத்தான்.

"பிராசஸர் எம்புட்டுப் பெருசா இருந்தா என்னண்ணே, போர்டு தாங்கணும்ல? நம்மூரு சித்திர வெயில்ல அஞ்சு நிமிசத்துல சூடாயி, தானா வேகத்தக் கொறச்சுக்கிரும்" என்றான்.

இரண்டையும் போட்டிக்குத் தயார் செய்யும் பொறுப்பை, மூத்தவன் என்று என்னிடமே விட்டிருந்தார்கள். முந்தைய நாள் மதியம் தனியே ஓட்டிப் பார்த்தேன். என்னுடையது முதலில் பறந்தது... பிறகு அவன் சொன்னபடியே மூச்சு வாங்கியது. பதினான்கு நிமிடங்கள். அவனுடையது பதினொன்று!

அந்த மூன்று நிமிடங்களை என்னால் ஏன் பொறுக்க முடியவில்லை?

சொல்லிவிடுகிறேன். சோழவந்தானில் என் சித்தப்பாவின் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளியவர் செல்வத்தின் அப்பா. அவர் மகன் எனக்கு மேலே உட்காருவதா? ஆம், இப்படித்தான் நினைத்தேன். இத்தகைய எண்ணங்களை எதிர்த்துக் கல்லூரி மேடையில் முழங்கிப் பரிசு வாங்கியவனும் நான்தான்.

ஒருமுறை கம்பைல் செய்ததைச் சேமித்துவைத்து, மறுமுறை அப்படியே எடுத்துக் கொடுக்கும் வசதி ஒன்று உண்டு. நேற்று எழுதிய விடைத்தாளை இன்று நீட்டுவது போன்றது அது. போட்டிக்கு முன் அதை அணைத்துவிட வேண்டும். அவனுடையதில் அணைத்தேன். என்னுடையதில் அணைக்கவில்லை. சேமிப்பு முழுவதையும் விட்டுவைத்தால் ஒரே நிமிடத்தில் முடிந்து குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே பாதிக்கு மேல் அழித்தேன். நிதானமாக, கணக்குப் பார்த்து அழித்தேன்! கைதவறி நடந்தது என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

மறுநாள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்கு ஒன்பது நிமிடங்கள், அவனுக்குப் பதினொன்று. கைதட்டினார்கள்.

செல்வம் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்டுபிடித்துவிடுவானோ...? அவனுக்குச் சந்தேகம் வந்தது உண்மை. ஆனால் என்மீது அல்ல, தன்மீது!

"நாந்தாண்ணே தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். போர்டு அது இதுன்னு ரொம்பப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிக் கைகொடுத்தான். நானும் கைகுலுக்கினேன்.

நான் டீம் லீடர் ஆனேன். இருபது கணினிகளும் வந்தன. ஒவ்வொரு சித்திரையிலும் அவை சூடேறித் திணறும்போது, மூடியைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பி வைப்பவன் செல்வம்தான். போர்டைப் பற்றி அவன் இப்போது வாயே திறப்பதில்லை.

முன்பெல்லாம் ஒரு நிரல் ஓடும் நேரத்தை ஒருமுறை அளந்துவிட்டு அடித்துச் சொல்வான். இப்போது எதையும் நான்கு முறை அளக்கிறான். தாளில் எழுதி என்னிடம் கொண்டுவருகிறான். "ஒருக்கா நீங்களும் பாத்துருங்கண்ணே. என் அளவு மேல எனக்கே நம்பிக்க இல்ல" என்கிறான்.

போன வாரமும் வந்தான். இன்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் என் கண் தாளில் விழுந்தது. நான்கு அளவுகளும் ஒன்றுக்கொன்று அப்படிப் பொருந்தியிருந்தன. எல்லாமே சரி என்று பார்த்தவுடன் தெரிந்தது. உடனே அதே பழைய எரிச்சல்... இத்தனைக்குப் பிறகுமா!

"வச்சுட்டுப் போ, பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

இன்று காலை மறுபடியும் வந்து நின்றான். "பாத்துட்டீங்களாண்ணே? எங்கயும் தப்பு இல்லையே?"

"இன்னும் பாக்கல" என்றேன்.