ஈயம் பூசிய புனிதர்

மிஷன் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் நான் வேலை பார்த்த ஒன்பது வருஷமும் என்னை எல்லோரும் நர்ஸம்மா என்றே கூப்பிட்டார்கள். நான் நர்ஸ் அல்ல. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அந்த இயந்திரத்தைப் பற்றியும் அப்படித்தான். அதற்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஊர் நம்பியது. அதற்குத் தெரிவது எவ்வளவு கொஞ்சம் என்று அறிந்திருந்தது நானும் டாக்டரும் மட்டும்தான்.

ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஈயத்தில் வார்த்த சின்ன எழுத்துகளை வைத்து எடுப்போம். ஈயத்தைக் கதிர் கடக்காது. ஆகவே அந்த எழுத்துகள் மட்டும் படத்தில் வெள்ளையாக விழும். தேதி, நோயாளியின் எண், எடுத்தவரின் முதலெழுத்து. தினமும் இருபது தடவையாவது அந்த ஈய எழுத்துகளை விரலால் எடுத்து அடுக்கியவள் நான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என் முட்டாள்தனத்துக்கு நானே சாக்குச் சொல்லாமல் இருக்க.

திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்தின் காலம் அது. ஒரு திங்கட்கிழமை, கடற்கரைப் பக்கத்திலிருந்து ஓர் ஆசாரி உள்ளங்கையில் ஆணி முறிந்து வந்தார். படம் எடுத்தேன். டாக்டர் கீறி ஆணியை எடுத்துக் கட்டுப்போட்டார். ஆசாரி போகவில்லை. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி நின்றார்.

"நர்ஸம்மா, மரத்துக்குள்ள இருக்குததும் இதுல தெரியுமா?"

அவர் கதையை அப்போதுதான் கேட்டேன். குளச்சல் பக்கத்து மீனவ ஊர் ஒன்றில் ஒரு பழைய மரச் சுரூபம் இருந்தது. எந்தக் காலத்திலோ கப்பலில் வந்த புனிதர். நெஞ்சுக்குள்ளே ஒரு பொந்து, அதில் ஒரு வெள்ளிச் சிமிழ், சிமிழுக்குள் அந்தப் புனிதரின் எலும்புத் துகள். சப்பரத்தில் தூக்கும்போது சிமிழ் உள்ளே உருண்டு கடகடவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் புனிதர் மன்றாட்டுக்குச் செவிகொடுத்துவிட்டார் என்று ஊர் நிம்மதியாகும். மூன்று வருஷம் முன்பு நெஞ்சில் விரிசல் கண்டபோது இவரைக் கூப்பிட்டார்கள். இவர் விரிசலை அடைத்தார். சிமிழ் இடித்து இடித்துத்தான் மரம் உள்ளே தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, அதைப் பஞ்சில் சுற்றித் தேன்மெழுகில் பதித்து, மேலே மர ஆப்பு வைத்து மூடினார். நல்ல வேலை. அதுதான் அவரைக் கெடுத்தது. அடுத்த திருவிழாவில் சத்தம் கேட்கவில்லை.

"சிமிழ எடுத்துட்டேண்ணு சொல்லுதாவ. ரெண்டு வருசமா ஒரு வள்ளத்துல ஆணி அடிக்க விடல. எவன் வாசல்லயும் ஏறப் பாடில்ல."

"தொறந்து காட்ட வேண்டியதுதானே?"

"புனிதருக்க நெஞ்சுல ரெண்டாந்தடவ உளி வைக்கவாண்ணு கேக்காவ. நானும் தொடப்படாது. வேற ஆசாரிமாரும் பயந்துபோய் மாட்டோம்ணுட்டாவ."

நாங்கள் சுரூபம் வைக்காத சபையைச் சேர்ந்தவர்கள். மரத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்று எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு மனுஷன் நல்லபடியாக வேலை செய்ததற்காகக் கள்ளனாகிவிட்டான் என்பது என்னை எரிச்சல்படுத்தியது. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். வெளிநாட்டில் பழைய ஓவியங்களையும் எகிப்தியப் பிணங்களையும் எக்ஸ்ரே எடுத்த செய்தியை அவர் ஏதோ பத்திரிகையில் படித்திருந்தார். டாக்டர் வெள்ளைக்காரர்; கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிலிம் கப்பலில் வரவேண்டிய காலம், இருந்தும் இரண்டு பிலிம் தருவதாக ஒப்புக்கொண்டார்.

முதலில் சோதித்துப் பார்த்தோம். ஆசாரி சுரூபத்தின் நெஞ்சளவு கனத்தில் ஒரு மரக்கட்டை கொண்டுவந்தார். அதைக் குடைந்து என் வெள்ளி மோதிரத்தை மெழுகில் பதித்து மூடிக் கொடுத்தார். பழைய பிலிம் துண்டு ஒன்றில் எடுத்தோம். மோதிரம் வட்டமாக, தெளிவாக விழுந்தது. ஆசாரி அந்தப் படத்தையும் தன் கைப் படத்தையும் எடுத்துக்கொண்டு போய் ஊர் முழுக்கக் காட்டினார். கைக்குள்ளே ஆணி தெரிகிறது பாருங்கள், புனிதரின் நெஞ்சுக்குள்ளும் தெரியும் என்று. பங்குச்சாமியார் சம்மதித்தார். கோவில் கமிட்டியும் சம்மதித்தது.

நானே நேரில் போய்ச் சுரூபத்தைப் பார்த்துவந்தேன். உப்புக்காற்றில் சாயம் உரிந்து பாதி மரம் வெளியே தெரிந்தது. சோதித்த கட்டையைப் போல வெறும் மரம்தானே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கிரீடத்தைக் கழற்றுங்கள், சங்கிலியைக் கழற்றுங்கள், ஊசி, ஆணி, வெள்ளிச் சரிகை எதுவும் இருக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கமிட்டித் தலைவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பெரிய மீன் வியாபாரி, மரியாதை தெரிந்த மனுஷர்.

சனிக்கிழமை மத்தியானம் மாட்டுவண்டியில் புனிதர் வந்தார். பின்னால் ஐம்பது பேர். போர்த்தியிருந்த பட்டுத்துணியை விலக்கியதும் எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. சுரூபம் பளபளவென்று இருந்தது. தோளைத் தொட்டேன், விரலில் ஒட்டியது.

"சாயம் அடிச்சீங்களா?"

"பின்னே? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற ஆளக் குளிப்பாட்டாம, அழுக்குத் துணியோடயா கூட்டிட்டுப் போவாவ? நம்ம புனிதர் வேத்தூருக்கு வாறாருல்லா."

"என்ன சாயம்?"

"வள்ளத்துக்கு அடிக்கதுதான். அடியில ரெண்டு தடவ செவப்பு ஈயம், மேல ரெண்டு தடவ வெள்ள ஈயம். உப்புக்காத்துக்கு அதுதான் நிக்கும்."

எனக்கு அழுகை வந்தது. கோபம்தான் அப்படி வந்தது. முன்னும் பின்னும் நான்கு பூச்சு ஈயம். கிரீடத்தைச் சொன்னேன், ஊசியைச் சொன்னேன், சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஈய எழுத்தை நாள் முழுக்க அடுக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை. நெஞ்சிலும் முதுகிலும் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் சுரண்டிவிடலாமா என்று கெஞ்சினேன். ஈரம் காயாத புனிதரைச் சுரண்டுவதா என்று கூட்டம் முணுமுணுத்தது. டாக்டர் எடுத்துப் பார்ப்போம் என்றார். இயந்திரத்தை அதன் எல்லைவரை ஏற்றி முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுத்தேன். இருட்டறையில் பிலிமைக் கழுவும்போதே தெரிந்துவிட்டது. இரண்டிலும் வெள்ளையாக ஓர் ஆள் வடிவம். உள்ளே ஒரு கோடுகூட இல்லை.

"சிமிழ் உண்டா, இல்லியா?" என்றார் தலைவர்.

"தெரியாது. சாயம் மறைக்குது."

"நர்ஸம்மா, ஆசாரிக்க கைக்குள்ள கெடந்த ஆணி தெரிஞ்சுது. கட்டைக்குள்ள மோதிரம் தெரிஞ்சுது. இதுல ஒண்ணும் தெரியல. அப்பம் இல்லேண்ணுதானே?"

"இருக்குண்ணும் சொல்ல முடியாது, இல்லேண்ணும் சொல்ல முடியாது."

"கள்ளனக் காட்டிக்குடுக்க மிசினுக்குமா மனசு வராது?" என்று யாரோ பின்னால் சொல்ல, எல்லோரும் ஆசாரியைப் பார்த்தார்கள். அவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவர் ஊரெல்லாம் கொண்டுபோய்க் காட்டிய படங்களே அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டன. தலைவர் முன்பக்கப் படத்தைக் கேட்டார். நோயாளிக்குப் படம் கொடுப்பது வழக்கம்தானே என்றார். நான் ஆத்திரத்தில் அதை அவர் கையில் திணித்தேன். அதைவிடப் பெரிய தப்பை நான் அதற்குமுன் செய்ததில்லை.

அந்த மாதமே ஆசாரி குடும்பத்தோடு அருமனைப் பக்கம் போய்விட்டார்.

எங்கள் தாலுக்காக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த அந்த மழைக்காலத்தில், சப்பரம் தூக்கிய ஒருவரின் கால் ஈரக்கல்லில் வழுக்கியது. புனிதர் கீழே விழுந்து நெஞ்சு பிளந்தது. பஞ்சும் மெழுகுமாகச் சிமிழ் வெளியே வந்து விழுந்தது. ஒரு நோயாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று மத்தியானமே பஸ் ஏறினேன். இத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கும் போனதில்லை.

கோவிலில் சிமிழைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பக்கத்துச் சுவரில், சட்டம் போட்டு, நான் எடுத்த படம்.

"நீங்க எடுத்த படம் இல்லேண்ணா இந்த அற்புதத்த ஆரு நம்புவா?" என்றார் தலைவர். "அண்ணைக்கு உள்ள இல்ல. இண்ணைக்கு உண்டு."

"பஞ்சும் மெழுகும்? ஆசாரி சொன்னது அப்பிடியே இருக்குல்லா."

"களவெடுத்தவன் கொண்டாந்து வச்சிருப்பான். புனிதர் வைக்க வச்சிருப்பாரு."

"சாயம் உடையாம எப்பிடி வைப்பான்?"

"அதுதானே அற்புதம்" என்றார் அவர், சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாக.

அடுத்த வாரம் அருமனைக்குப் போனேன். ஆசாரி ஒரு வீட்டு ஜன்னலுக்குச் சட்டம் இழைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். இழைப்புளியை நிறுத்தாமல் கேட்டார்.

"மெழுகு எளகியிருந்துதா?"

"இல்ல."

"அப்பம் கொள்ளாம், வேல நின்னிருக்கு." இழைத்த சட்டத்தை ஊதிவிட்டுத் தலை நிமிராமல் சொன்னார். "அந்தப் படத்த மட்டும் திருப்பி வேங்கிருங்க, நர்ஸம்மா."

மூன்று தடவை போய்க் கேட்டேன். டாக்டரும் கடிதம் எழுதினார். தரவில்லை. படம் சுவரில்தான் இருக்கிறது, கீழே மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். அதன் வலது மூலையில் அந்தச் சனிக்கிழமையின் தேதி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், ஈயத்தில் விழுந்த வெள்ளை எழுத்தாக, என் பெயரின் முதலெழுத்து.