புனிதா நட்ட கம்பம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொடி ஏற்றுவது வருடத்துக்கு ஒரு முறை, சுதந்திர தினத்தன்று. புனிதா அக்கா கைப்பேசி ஏற்றுவது தினமும், வேலை முடிந்து வந்து குளித்த பிறகு.

அவர் வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் ஓர் இரும்புக் குழாயை நட்டிருக்கிறார். அதன் உச்சியில் ஒரு சின்னக் கப்பி, கப்பியில் நைலான் கயிறு. ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில் கைப்பேசியைப் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, கயிற்றை இழுப்பார். பை ஆடிக்கொண்டே மேலே போகும். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயம் இருக்கும் பள்ளத்துக்கு இணையம் இறங்குவதில்லை, அந்தக் குழாயின் உச்சியோடு நின்றுவிடுகிறது. அங்கே கைப்பேசி வாங்கும் இணையத்தை, வீட்டுக்குள் டிவிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அண்ட்ராய்டு பெட்டி பிடித்துக்கொள்ளும். அப்புறம் படம் ஓடும்.

"கொடி ஏத்தியாச்சா, புனிதா?" என்று கங்காணி தங்கராஜு மேட்டுப் பாதையில் போகும்போது கேட்பார்.

"ஏத்தியாச்சு கங்காணி. நின்னு மரியாதை பண்ணிட்டுப் போங்க லா" என்பார் அக்கா, கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே.

நான் பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தவள். சுவர் அளவுக்கு டிவி வைத்திருந்தவர்களோடும் தங்கியிருக்கிறேன், டிவியே இல்லாத வீடுகளிலும் தூங்கியிருக்கிறேன். ஒரு படம் பார்ப்பதற்கு இவ்வளவு பாடுபட்டு, அதைப் பாடு என்றே நினைக்காத ஒருவரை என் சொந்த லயத்தில், எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வாசலில்தான் கண்டேன்.

அக்கா இந்தத் தோட்டத்திலேயே பிறந்து, இங்கேயே மணமுடித்தவர். கணவர் கம்போங் ராஜாவிலிருந்து கீழ்நாட்டுச் சந்தைக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறார், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அக்கா மெசினில் கொழுந்து வெட்டுகிறார். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு தேயிலை வரிசையின் இரு பக்கமும் நடக்க வேண்டும். எதிர் முனையில் பல வருடமாக விக்னேஸ்வரி அக்கா. இஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் எல்லாம் கை சாடைதான். உள்ளங்கையைக் கவிழ்த்தால் தாழ்த்து, விரலைச் சுழற்றினால் திருப்பு, முஷ்டியை உயர்த்தினால் நில். இவர்கள் இரண்டு பேரும் கடைக்குப் போனால்கூட எதிரெதிரே நின்று கையாலேயே பேசுவதைப் பார்க்கலாம்.

கூரையில் இருந்த கட்டண டிவியின் டிஷ் தட்டை முதலில் கழற்றியவர் அக்காதான். காரணம் மழை. எங்கள் மலையில் மத்தியானம் மழை பெய்யாத நாள் அபூர்வம், மழை வந்தால் அந்தத் தட்டில் படம் வராது. படம் போனாலும் பில் மட்டும் தவறாமல் வரும். ஒரு நாள் ஏணி வைத்து ஏறித் தட்டைக் கழற்றி, மல்லாக்க வைத்து, மண் போட்டுப் புதினா நட்டுவிட்டார். பிறகு வீடு வீடாகப் போய்ப் பேசினார். அரசாங்க சேனல்கள் ஆண்டெனாவில் சும்மாவே வரும், மற்றதெல்லாம் பெட்டியில் வரும், இதற்கு நான் பொறுப்பு என்றார். ஒவ்வொரு கூரையாகத் தட்டுகள் இறங்கின. எங்கள் லயத்தில் இப்போது புதினாவுக்குக் குறைவில்லை.

பெட்டி விஷயத்தில் அக்கா சொன்னது நடந்தது. ஆண்டெனா விஷயத்தில் நடக்கவில்லை. எல்லாரும் தட்டு இருந்த அதே இரும்புக் காலில், தட்டு பார்த்த அதே திசையில் ஆண்டெனாவை மாட்டினார்கள். இத்தனை வருடம் படம் அந்தப் பக்கத்து வானத்திலிருந்துதானே வந்தது. திரையில் நீலம் மட்டும் தெரிந்தது. பிறகு யாரோ ஒளிபரப்புக் கோபுரம் பிரிஞ்சாங் மலை உச்சியில் இருப்பதாகச் சொல்ல, எல்லா ஆண்டெனாவும் மலைப் பக்கம் திரும்பின. அதே நீலம். லயத்துக்குப் பின்னால் ஒரு மேடு சுவர் மாதிரி எழும்பி மலையை மறைக்கிறது. பெட்டிதான் ஓடுகிறதே என்று ஆண்டெனாவை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

அக்கா மட்டும் மறக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பவளத்தினால்.

பவளம் தொழிற்சாலையில் தேயிலை சலிக்கிறவர். ஒரே மகள் பூவிழி. சின்ன வயதிலேயே ஹாக்கி மட்டையும் கையுமாகக் குவந்தானில் விளையாட்டுப் பள்ளிக்குப் போய்விட்டாள். அவள் ஆடிப் பவளம் பார்த்ததே இல்லை. போன வருடம் அரையிறுதி ஆட்டம் டிவியில் வந்தது. அப்போது தட்டு இருந்தது, ஆனால் மழையும் இருந்தது. சாயங்காலம் மகள் கூப்பிட்டபோது, அவள் மனம் நோகக் கூடாதென்று பவளம், "பார்த்தேன்மா, நல்லா ஆடுனே" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குப் பூவிழியைக் களத்தில் இறக்கவே இல்லை. அவள் சண்டை போடவில்லை. சரிம்மா என்று வைத்துவிட்டாள். அதன் பிறகு வாரம் தவறாமல் பேசினாள், சாப்பாடு, படிப்பு, குளிர் எல்லாம் பேசினாள். ஹாக்கியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

இந்த வருடம் அவள் ஆடும் பகாங் மாநிலக் குழு இறுதி ஆட்டத்துக்கு வந்தது. ஆட்டம் கடல் தாண்டிக் கூச்சிங்கில். பூவிழி அவளாகவே கூப்பிட்டுச் சொன்னாள்: இந்தத் தடவை என்னை இறக்குவாங்க. பார்த்தா சொல்லுங்க. பார்க்கலன்னா, பார்த்தேன்னு சொல்லாதீங்க.

பவளம் இதைச் சொல்லிவிட்டு அழவில்லை. "என் தட்டைக் கழட்டச் சொன்னது நீங்கதானே அக்கா" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான். பார்ப்பே" என்றார் புனிதா அக்கா.

ஆட்டம் சனிக்கிழமை, அதுவும் பள்ளி விடுமுறையில். விடுமுறை சனிக்கிழமை என்றால் எங்களுக்குத் தெரியும். ரிங்லெட்டிலிருந்து கியா பார்ம் வரை காராகத்தான் இருக்கும். ஸ்ட்ராபெரி வாங்க வந்த ஒவ்வொரு காரிலும் நாலைந்து கைப்பேசிகள். கம்பத்து உச்சியில் எங்கள் கைப்பேசிக்கு எல்லா சிக்னல் கோடுகளும் நிமிர்ந்து நிற்கும், உள்ளே ஒன்றும் நகராது.

அப்படித்தான் ஆனது. புனிதா அக்கா வீட்டில் லயமே கூடியிருந்தது. வாசலில் பக்கத்து லயத்து வங்காளதேசத் தொழிலாளர்கள் இரண்டு பேர், போன மாதம்தான் வந்தவர்கள், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பவளம் டிவிக்கு முன்னால் சின்ன முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் தொடங்கியது. ஒரு பெண் மட்டையை ஓங்கினாள், பந்து மேலே எழும்பியது, அத்தோடு படம் நின்றது. நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பந்து இறங்கவே இல்லை.

அக்கா கைப்பேசியை இறக்கி ஏற்றினார். பெட்டியை அணைத்துப் போட்டார். வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது. சுற்றியிருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், ஒருவர் தட்டே மேல் என்றார். அக்கா யாருக்கும் பதில் சொல்லாமல் ஆண்டெனா கேபிளை டிவியின் டிகோடரில் மாட்டிவிட்டு, பின்பக்கம் போய், முன்பே கூரையிலிருந்து இறக்கி ஆண்டெனாவைக் கட்டி நட்டிருந்த கம்பைச் சரிவிலிருந்து பிடுங்கி எடுத்தார். விக்னேஸ்வரி பின்வாசலில் நின்றுகொண்டார். உள்ளே டிவியும் தெரியும், வெளியே அக்காவும் தெரியும் இடம். ஒரு சாடைகூட இல்லாமல், அவரவர் இடத்தைப் பிடித்துவிட்டார்கள்.

மலைப் பக்கம் திருப்பினார். நீலம். கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது, தலைக்கு மேல் தூக்கி. நீலம்தான். உள்ளே முதல் கால் பகுதி முடிந்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள். பவளம் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது கங்காணி தங்கராஜு உதவிக்கு வந்தார். நேரே பின்மேட்டின் வளைவுக்கு ஏறிப்போய், அங்கிருந்து கோபுரம் தெரிகிறது, இந்தப் பக்கம் திருப்பு என்று கத்தினார்.

எங்கள் பள்ளத்தில் ஒரு விசித்திரம் உண்டு. பின்மேட்டில் நின்று யார் கத்தினாலும் சத்தம் எதிர்மலையிலிருந்துதான் காதுக்கு வரும். இங்கே பிறந்தவர்கள் எதிர்மலையில் கங்காணி குரல் கேட்டால் பின்னால் திரும்புவோம், எங்களுக்கு அது பழகிவிட்டது. புதிதாக வந்தவர்கள் தவறாமல் எதிர்மலையைப் பார்த்துக் கங்காணியைத் தேடுவார்கள். அதற்கு 'புதுக் கழுத்து' என்று பெயரே வைத்திருக்கிறோம். அன்றைக்கும் அந்த இரண்டு பேரும் எதிர்மலையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்க, கூட்டம் அந்தப் பதற்றத்திலும் சிரித்தது.

புனிதா அக்கா சிரிக்கவில்லை. அவர்கள் பார்த்த இடத்தையே பார்த்தார்.

"ஏண்டி விக்னா, அந்த ஆளு சத்தமே மேட்டைத் தாண்டிப் போய் அங்க முட்டித் திரும்பி வருதே, படமும் அப்படி வராதா" என்றார்.

பிறகு ஆண்டெனாவை மலைக்கு முதுகு காட்டித் திருப்பினார்.

தங்கராஜு மேலிருந்து, அதாவது எங்கள் காதுக்கு எதிரிலிருந்து, "அந்தப் பக்கம் என்ன இருக்கு? தேயிலைதான் இருக்கு" என்று கத்தினார். விக்னேஸ்வரி அதைக் காதில் வாங்கவே இல்லை. கண் டிவியில், கை வெளியில். விரல் சுழன்றது. அக்கா திருப்பினார். உள்ளங்கை கவிழ்ந்தது. அக்கா தாழ்த்தினார். கை மெதுவாக, மெதுவாக என்று காற்றைத் தடவியது. திடீரென்று முஷ்டி உயர்ந்தது.

உள்ளே பச்சைத் திடல். அவ்வளவு தெளிவான படம் எங்கள் லயத்துக்கு எந்தத் தட்டிலும் வந்ததில்லை. இன்றைக்கு எங்கள் கூரைகளில் எல்லா ஆண்டெனாவும் கோபுரத்துக்கு முதுகு காட்டித்தான் நிற்கின்றன. அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான், அதுவும் கூரையில் இல்லை, அக்காவின் கையில். மழையில் ஊறிய மண்ணில் கம்பை ஊன்றினால் சாய்ந்தது, கொஞ்சம் சாய்ந்தாலும் படம் உடைந்தது. அதனால் அவர் பிடித்துக்கொண்டே நின்றார். நான் போய்க் கேட்டேன், மாற்றிக்கொள்ளலாமா என்று. வேண்டாம் என்றார். நடு வரிசையில் மெசினைக் கை மாற்றினால் செடி காயப்படும், ஒரு வரிசையைத் தொடங்கினவர்தான் முடிக்க வேண்டும் என்றார். தூறல் தொடங்கியிருந்தது. வீட்டிலிருந்து குடை கொண்டுவந்து பிடித்தேன். குடைக் கம்பி குறுக்கே வருகிறது என்று என்னையும் தள்ளி நிற்கச் சொன்னார்.

ஆகவே அந்த ஆட்டத்தை நானும் முழுதாகப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்ததுதான். இரண்டாம் பாதியில் பூவிழியை இறக்கினார்கள். கோல் வாசலில் ஒரு பந்தைப் படுத்துத் தடுத்தாள், லயமே எழுந்து நின்றது. பவளம் எழுந்திருக்கவில்லை. முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து எங்கே போனாலும் அவர் கண் பந்தின் பின்னால் போகவில்லை. கடைசியில் எதிரணி ஒரு கோல் போட்டது. பகாங் தோற்றது.

 அப்போதுதான் கம்பத்து உச்சியில் கைப்பேசி அடித்தது. இணையம் அடைத்துக்கொண்டாலும் பேச்சு எப்படியோ வந்து சேரும். எங்கள் லயத்தில் பாதிப் பேரின் பிள்ளைகள் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். விக்னேஸ்வரி ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்து இறக்கி, பைக்கு மேலேயே அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, மறுபடி மேலே இழுத்தார். கீழேயே வைத்தால் பேச்சு அறுந்துவிடும். பவளம் கம்பத்தின் அடியில் வந்து, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றார்.

"மா" என்றது கம்பம்.

"பார்த்தேன்" என்றார் பவளம்.

மேலே பை காற்றில் ஆடியது.

"என்ன பார்த்தீங்க?"

"இடது கால் ஸ்டோக்கிங் நிக்கவே மாட்டேங்குது உனக்கு. மட்டையாலயே இழுத்து இழுத்து விடுறே. குனிஞ்சு இழுத்தா என்ன? அப்புறம் அந்த நெட்டைப் பொண்ணு, ரெட்டை ஜடை, அவளை ஏன் அப்படித் திட்டுனே? பாவம், அவ ஓடித்தானே வந்தா."

பேச்சு அறுந்துவிட்டது என்றே நினைத்தோம். பிறகு மேலே ஒரு மூக்குறிஞ்சும் சத்தம்.

"அவ என் கூட்டாளி மா. தினம் திட்டுவேன்." அப்புறம், "தோத்துட்டோம்மா."

"தெரியும்மா. பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்."

அதற்குப் பிறகு பூவிழி பேசத் தொடங்கினாள். பயிற்சியாளர், ஈரமான திடல், அந்தக் கடைசி கோல் யாருடைய தவறு என்று ஒரு வருடமாகச் சேர்த்து வைத்த ஹாக்கி முழுவதும் எங்கள் தலைக்கு மேலிருந்து கொட்டியது. கூட்டம் மெல்லக் கலைந்தது. பவளம் கழுத்து வலிக்க வலிக்க நின்று கேட்டார்.

அவள் வைத்த பிறகுதான், சரிவின் கோடியிலிருந்து புனிதா அக்காவின் குரல் வந்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட, ஆண்டெனாவை அதே சாய்வில் பிடித்தபடி நின்றிருந்தார்.

"ஆட்டம் முடிஞ்சிருச்சா இல்லையா? யாரும் கை காட்டலியே லா."

விக்னேஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் கையை உயர்த்துவதற்குள் பவளம் முந்திக்கொண்டார். வாழ்நாளில் மெசின் பிடித்தறியாதவர், அக்காவுக்கு எதிரே போய் நின்று, முஷ்டியை உயர்த்திக் காட்டினார்.

அக்கா கையை விட்டார்.