மூன்றாவது தொட்டில்

ராஜபாளையத்தில் நூல் மில் ஒன்றில் ஃபிட்டராக இருக்கும் சுயம்புலிங்கத்துக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிடைத்தால் போதும். ஷிப்ட் முடிந்து வந்து குளித்து, தொட்டிலைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு தேவதானம் பஸ் ஏறிவிடுவார். அங்கிருந்து மினி பஸ். மினி பஸ் வளைந்து திரும்புகிற இடத்தோடு தார் ரோடு முடிந்துவிடும். அப்புறம் நடைதான்.

தொட்டில் என்றால் பிள்ளைத் தொட்டில் இல்லை. ஆள் படுக்கிற தொட்டில். இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டிக்கொள்வது. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற ஒருவரிடம் குடைத்துணி கொடுத்துத் தைத்து வாங்கினார். முதல் தடவை அதைப் பார்த்த அன்று அவர் மனைவி வெங்கடேஸ்வரி, "பேரன் எடுக்கிற வயசுல நீங்க தொட்டில்ல ஆடப் போறியளாக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். அதற்கு மேல் தடுக்கவில்லை.

அவர் போகிற இடம் பெரியப்பா மகன் மாரிசாமியின் மாந்தோப்பு. மாரிசாமி கோயம்புத்தூரில் குடியேறிவிட்டதால் பார்க்க ஆளில்லாமல் தோப்பு காடாகிவிட்டது. மாமரங்கள் பாதி பட்டுப்போய், உடைமரமும் ஈச்சம்புதரும் கொடிகளும் மண்டிக் கிடக்கும். வனத்துறை வேலி அதற்கும் மேற்கே. மாங்காய்க் காலத்தில் யானை இறங்கும் என்பதால் அந்த மாதங்களில் மட்டும் போவதில்லை. தோப்பின் கடைசியில் ஓடை. ஓடைக்கரையில் மூன்று மருத மரங்கள்.

அந்த மரங்களுக்குக் கூட்டாளியாக வந்தவர் சம்பத்குமார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ராஜபாளையத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. படிக்கிற கண்ணாடி வாங்கப் போன சுயம்புலிங்கம், பேச்சுவாக்கில் தோப்பைப் பற்றிச் சொன்னபோது சம்பத், "என்னையும் ஒருதரம் கூட்டிண்டு போயேன்" என்று கேட்டார். ஒருதரம் என்பது ஆறு வருஷமாக நடந்தது. சம்பத் கூட வருகிறார் என்பதற்காகச் சுயம்பு அன்றைக்குக் கறி மீன் தொடமாட்டார். சம்பத் தயிர்சாதம் கொண்டுவருவார். சுயம்பு பிளாஸ்கில் டீ கொண்டுபோவார்.

மூன்று மரமும் முக்கோணமாக நிற்கும். ஓடையை ஒட்டிய மரத்தில் இருவருடைய தொட்டிலின் தலைமாட்டையும் கட்டுவார்கள். கால்மாடு மற்ற இரண்டு மரத்துக்கும் ஆளுக்கொன்றாகப் பிரிந்து போகும். இருவர் தலையும் ஒரே மரத்தடியில் இருப்பதால் மெதுவாகப் பேசினாலே கேட்கும். மில்லில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய சுயம்புலிங்கம், அங்கே மட்டும்தான் தணிந்த குரலில் பேசினார். மகள் கல்யாணத்தில் பட்ட அவமானத்தை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அந்த மரத்தடியில் சொன்னார்.

போன ஆவணியில் சம்பத் இன்னொருவரைக் கூட்டிவந்தார். ஹரிகிருஷ்ணன். பெங்களூரில் கம்பெனி வேலையை விட்டு ராஜபாளையத்துக்கே திரும்பி வந்தவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கண்ணாடிக்கு லென்ஸ் மாற்ற வந்த இடத்தில் பழக்கமாம். மினி பஸ்ஸில் சுயம்புவுக்கு எழுந்து இடம் கொடுத்தார். "அண்ணாச்சி, உங்களப் பத்தி இவர் சொல்லாத நாளே கிடையாது" என்றார். நல்ல மனுஷன்தான். கெட்டவனாக இருந்திருந்தால் சுயம்புவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஹரியின் தொட்டில் கொசுவலையோடு இருந்தது. கயிற்றுக்குப் பதில் மரப்பட்டையை அறுக்காத அகலமான நாடா. ஓடைமரம் தவிர்த்த மற்ற இரண்டுக்கும் நடுவில் கட்டிக்கொண்டார். முக்கோணம் அடைபட்டது. பிறகு சின்ன கேஸ் அடுப்பை எடுத்துவைத்து, டிகாஷன் இறக்கி, காபி போட்டார்.

சம்பத் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். "ஆறு வருஷமா இந்தக் காட்டுல டீயைக் குடிச்சே காலத்தைத் தள்ளிட்டேன், ஹரி!"

சுயம்பு தன் பிளாஸ்கைத் திறக்கவே இல்லை.

அதையாவது விட்டுவிடலாம். படுக்கப் போகும்போது சம்பத் தொட்டிலில் மாறிப் படுத்தார். எப்போதும் கால் வைக்கிற பக்கம் தலையை வைத்தார். அந்தப் பக்கத்து மரத்தில்தான் ஹரியின் தலைமாடும் இருந்தது.

"என்ன சம்பத்து, மாறிப் படுக்க?"

"ஹரி ஏதோ பறவைக் குரலெல்லாம் சொல்றேன்னார். செத்த நேரம் கேட்டுட்டுத் திரும்பிக்கறேன்."

திரும்பவில்லை. சுயம்புவின் தலைக்குப் பக்கத்தில் சம்பத்தின் பாதங்கள் இருந்தன. அந்தப் பக்கத்திலிருந்து முணுமுணுப்பும் சிரிப்பும் வந்துகொண்டிருந்தன. என்ன சொல்கிறார்கள் என்பது மட்டும் பிடிபடவில்லை. காலையில் ஓடை நீர் அள்ளி முகம் கழுவும்போது சுயம்புவுக்கு நெஞ்சு எரிந்தது. ஐம்பத்துமூணு வயசில் இப்படி எரியும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

வீட்டில் வெங்கடேஸ்வரி கேட்டாள். "என்ன, மூஞ்சி தொங்குது?"

"ஒண்ணுமில்ல. அந்தாளு குறட்டை."

"எந்தாளு?"

"இருக்கான் ஒருத்தன்."

அடுத்த மாதம் சனிக்கிழமை நெருங்கியபோது சுயம்புலிங்கம் கண்ணாடிக் கடைக்குப் போய் ஒரு பொய் சொன்னார். "மாரிசாமி போன் பண்ணான். வெளியாளு யாரும் தோப்புக்கு வரக் கூடாதுங்கான். நம்ம ரெண்டு பேர்னா பரவாயில்லையாம்." சம்பத் லென்ஸ் துடைத்துக்கொண்டே, "சரி. நாம போவோம்" என்றார்.

போனார்கள். பழையபடி ஓடைமரத்தடியில் இரண்டு தலையும். தயிர்சாதம். டீ. சுயம்புவுக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். மில் கதை, மருமகன் கதை என்று நிறுத்தாமல் பேசினார். சம்பத் கேட்டுக்கொண்டார். இடையில் மேற்கே ஏதோ பறவை கூவியபோது மட்டும், "இது செம்போத்து இல்லை. என்னன்னு ஹரி இருந்தா சொல்லியிருப்பார்" என்றார்.

விடிந்து மினி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சம்பத் சாதாரணமாகச் சொன்னார்.

"மாரிசாமி அப்படியொண்ணும் சொல்லலை, சுயம்பு. ஊருக்கு வந்தப்போ அவருக்கும் நான்தானே கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். தோப்புல படுக்க விடறதுக்கு நன்றி சொல்லலாம்னு போன வாரம் பேசினேன்."

சுயம்புலிங்கம் தோளில் கிடந்த பையைக் கீழே இறக்கிவைத்தார்.

"தெரிஞ்சுமா வந்தே?"

"நீ தனியாப் போவியேன்னு வந்தேன்."

அதோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். சுயம்புவால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஹரிக்கும் தெரியுமா?"

"தெரியும். அவர்தான், 'அண்ணாச்சி மனசு சங்கடப்படும், இந்தத் தடவை நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க'ன்னார்."

அந்த ஒரு ராத்திரியும் ஹரி விட்டுக்கொடுத்ததுதான் என்றாகிவிட்டது. பஸ்ஸில் சுயம்பு வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார். இரண்டு மாதம் கண்ணாடிக் கடைப் பக்கமே போகவில்லை. அவர்கள் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே வேறொரு தோப்பு பார்த்துவிட்டதாகக் கேள்விப்பட்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் வெங்கடேஸ்வரிதான் பையை எடுத்து முன்னால் வைத்தாள். "இப்படி வீட்டுல கெடந்து எங்க உசுர வாங்குறதுக்கு, அங்கயே போய் ஆடுங்க."

அவரே ஹரிக்குப் போன் செய்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "இந்தச் சனிக்கிழமை தேவதானம் பஸ்ஸுக்கு வாங்க" என்றார், அவ்வளவுதான்.

இப்போது மூவரும்தான் போகிறார்கள். சம்பத் ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் தலைவைக்கிறார். அந்தப் பக்கம் வைக்கிற அன்றைக்குச் சுயம்புவுக்குத் தூக்கம் பிந்திதான் வரும்.

போன மாதம் சம்பத்துக்குக் காய்ச்சல். சுயம்புவும் ஹரியும் மட்டும் போனார்கள். முதலில் பேச எதுவும் இருக்கவில்லை. அப்புறம் ஹரி, சம்பத் சின்ன வயசில் நாடகத்தில் பெண் வேஷம் போட்ட கதையைச் சொன்னார். சுயம்புவுக்கு அது தெரியாது. தெரிந்த மாதிரித் தலையாட்டினார். பதிலுக்கு, சம்பத் ஒருநாள் மயிலைப் பார்த்துப் பயந்து ஓடையில் விழுந்ததைச் சொன்னார். ஹரி விழுந்து விழுந்து சிரித்தார். இருட்டும்வரை இருவருக்கும் சம்பத்தைத் தவிர வேறு பேச்சில்லை.

"இன்னும் ஏதாவது இருக்கா, அண்ணாச்சி?" என்று ஹரி கேட்டார்.

இருந்தது. சம்பத் ஒரு மழைநாளில் அந்த மரத்தடியில், தன் அண்ணனைப் பற்றிச் சொல்லி அழுதது. வேறு யாரிடமும் சொன்னதில்லை என்று அன்றைக்குச் சொல்லியிருந்தார்.

"அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டுச் சுயம்புலிங்கம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.