டெலிவர்டு என்று நான் அனுப்பிய பதில்

1. நோட்டீஸ்

சின்னசேலம் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் பதினாறு வருடம் சிஸ்டம் அட்மினாக இருந்தேன். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான்தான், மெயில் சர்வர் நின்றாலும் நான்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதற்குப் பத்து நாள் முன்பு கிழங்கு அரைக்கும் மெஷினில் சின்னப்பொண்ணு என்ற தொழிலாளிக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயிருந்தன. கல்வராயன் மலையிலிருந்து வேலைக்கு வந்தவர். மெஷின் பெல்ட்டின் மேல் கவர் இல்லை. கவர் உடைந்ததைச் சூப்பர்வைசர் ஆரோக்கியசாமி சொல்லவே இல்லை என்று மேனேஜர் போலீசில் எழுதிக் கொடுத்தார். ஆரோக்கியசாமிக்கு வேலையும் போனது, அவர் மேல் வழக்கும் வந்தது. நோட்டீஸ் அவருடைய வக்கீல் அனுப்பியது. வழக்கு முடியும்வரை ஆலையின் மெயில் எதையும் அழிக்கக் கூடாது என்று அதில் இருந்தது. எங்கள் தொழிலில் இதை லீகல் ஹோல்ட் என்போம்.

மேனேஜர் கூப்பிட்டார்.

"அவன் மெயிலு எல்லாம் இன்னும் கீதா?"

"மெயில்பாக்ஸ எடுத்துட்டோங்க. ஆர்க்கைவ்ல இருக்குங்க."

"அது இன்னா ஆர்க்கைவ்?"

"வர்ற மெயிலு, போற மெயிலு எல்லாத்துக்கும் ஒரு காப்பி தனியா சேந்துக்கினே இருக்கும்ங்க."

"யாரு வைக்கச் சொன்னது?"

"நீங்கதாங்க. ஆடிட்டர் கேட்டாருன்னு."

நோட்டீஸை மடித்து டிராயரில் வைத்தார்.

"அந்த டிஸ்க்கு ரிப்பேர் ஆவாதா?"

"ஆவுங்க. நோட்டீஸ் வந்தப்புறம் ஆனா, நம்ம ரெண்டு பேரயும்தான் கேப்பாங்க."

"சரி, இன்னா கீதுன்னு மொதல்ல பாரு."

2. நான்காவது மெயில்

ஆரோக்கியசாமியின் பெயரையும் 'கவர்' என்ற சொல்லையும் போட்டுத் தேடினேன். நான்கு மெயில்கள் வந்தன. மூன்று மேனேஜருக்கு. கவர் உடைந்துவிட்டது, மாற்ற வேண்டும், பெண்கள் பயப்படுகிறார்கள். நான்காவது எனக்கு, விபத்துக்கு ஆறு நாள் முன்பு. "மேனேஜருக்கு மூணு மெயில் அனுப்பினேன், பதில் இல்லை. போய்ச் சேருதான்னு பாத்துச் சொல்லுங்க." அந்த மூன்றையும் கீழே சேர்த்திருந்தார்.

என் பதிலும் இருந்தது. "மூன்றும் டெலிவர்டு. டிக்கெட் குளோஸ்டு." எங்களிடம் வரும் புகார் ஒவ்வொன்றையும் டிக்கெட் என்போம்.

கீழே இருந்ததை அன்றைக்கே படித்திருந்தேன். மெயில் போய்ச் சேர்ந்ததா என்பது என் வேலை. மெஷின் என் வேலை இல்லை என்று இருந்துவிட்டேன்.

நான்காவதை விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அரை நாள் யோசித்தேன். அதுவும் 'டெலிவர்டு' என்ற என் பதிலும் இல்லாவிட்டால், தனக்கு மெயிலே வரவில்லை என்று மேனேஜர் சொல்லிவிடுவார். நான்கையும் என் பதிலையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் போட்டேன். ஹாஷ் என்பது ஃபைலுக்குக் கைரேகை மாதிரி ஒரு நம்பர். ஃபைலில் ஒரு புள்ளியை மாற்றினாலும் நம்பர் மாறிவிடும். இவை ஆர்க்கைவில் இருந்தபடியே எடுத்தவை என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, ஆரோக்கியசாமியின் வக்கீலுக்கு அனுப்பிவிட்டு, மேனேஜர் மேஜையில் ஒரு காப்பி வைத்தேன்.

படித்துவிட்டு, "உன்னயும் சேத்து மாட்டிக்கினியே" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

3. கோர்ட்

கள்ளக்குறிச்சி கோர்ட்டில் ஆரோக்கியசாமி தரப்பில் சாட்சி சொன்னேன். எதிர்த் தரப்பு வக்கீல் கேட்டார்.

"நீங்க நெனைச்சா இந்த மெயிலை மாத்த முடியும், இல்லையா?"

"முடியுங்க. மாத்தினா நம்பர் மாறிடும்."

ஆர்க்கைவில் இருந்த அசலோடு நம்பரைச் சரிபார்த்தார்கள். மாறவில்லை. ஆரோக்கியசாமி விடுதலையானார். பிறகு மேனேஜர் மேல் வழக்கு வந்தது. அதற்குள் என்னை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள்.

சாட்சி சொல்லி முடித்து வெளியே வந்தபோது சின்னப்பொண்ணு வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். கையை முந்தானையில் சுற்றியிருந்தார்.

"ஒரு மெயிலு படிக்க எவ்ளோ நேரம் ஆவும் சார்?"

"ரெண்டு நிமிஷம் ஆவும்மா."

"அவ்ளோதானா" என்றார். மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

இப்போது திருக்கோவிலூரில் இருந்துகொண்டு நான்கு கம்பெனிகளின் ஆர்க்கைவைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஹோல்ட், ஹாஷ், சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். மெயில் போய்ச் சேர்ந்ததா என்று யாராவது கேட்டால், எதற்காகக் கேட்கிறார் என்று படித்துப் பாருங்கள். படித்த பிறகு எழுந்து போய், சம்பந்தப்பட்டவரிடம் வாயால் சொல்லுங்கள். டிக்கெட்டைப் பிறகு மூடலாம்.