மஞ்சள் சிலிண்டரில் நான் அடித்த இலக்கம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தவறு என் பக்கம் இருந்தால் இன்னும் விரைவாக வரும். தன்னாமுனையில் வாவிக்கரையோரம் மூழ்குபவர்களின் சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் கொட்டில் வைத்திருந்த பறங்கி இனத்தவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். அவரோடு நான் முதன்முதலில் பேசியதே சண்டைதான். இன்று யோசித்தால், அவருக்கும் அவர் மனைவிக்கும் நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது.

நான் பனிச்சங்கேணிக் கடலில் அட்டைக்கு மூழ்கியவன். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, கடலின் அடியில் தடவித் தடவிக் கடலட்டை பொறுக்குவது தொழில். சுனாமியில் வீடும் தோணியும் போயின. அன்று தன்னாமுனையில் அக்கா வீட்டில் இருந்ததால் நாங்கள் தப்பினோம். சில வாரங்கள் கழித்துக் கண்டல் சேற்றுக்குள் என் சிலிண்டர் கிடைத்தது. வால்வு உடைந்து, உள்ளே உப்புத் தண்ணீர். வீட்டில் மிஞ்சிய ஒரே பொருள் அதுதான். அக்காவின் விறகுக் கொட்டிலில் அதைக் கொண்டுபோய் வைத்தேன். பிறகு மறுபடி யுத்தம் வந்தது, கடலும் அடைபட்டது. சிலிண்டர் விறகுக்குக் கீழே கிடந்தது.

யுத்தம் முடிந்து மறுபடி கடலில் இறங்க விட்டபோது, ஒரு படகுக்காரர் சொந்தச் சிலிண்டர் இருந்தால் வரச் சொன்னார். படகு புறப்பட நான்கு நாள்தான் இருந்தது. அந்தப் பருவத்தைத் தவறவிட்டால் பிள்ளைகளோடு இன்னொரு வருடம் அக்காவின் சோற்றைத்தான் தின்ன வேண்டும்.

சிலிண்டரின் தோள்பட்டையில் கடைசியாகச் சோதித்த மாதமும் வருடமும் அடித்திருக்கும். அது பழையதென்றால் யாரும் நிரப்பமாட்டார்கள். திருகோணமலைக்குச் சோதனைக்கு அனுப்பினால் இரண்டு வாரம் போகும் என்றார்கள். நான் வெளித்துருவைச் சுரண்டி, மஞ்சள் பெயின்ற் பூசி, புது வால்வு போட்டேன். பிறகு ஒரு கொல்லரிடம் இலக்க அச்சை இரவல் வாங்கி, போன வருடத்துத் திகதியை நானே அடித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை.

கொட்டிலுக்குக் கொண்டு போனபோது பறங்கியர் சிலிண்டரைச் சாய்த்து இலக்கத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"அண்ணன், இது எங்க சோதிச்சது?"

"திருகோணமலையில. திகதி அதிலயே கிடக்கே."

"கிடக்கு. பழைய இலக்கமெல்லாம் பெயின்றுக்குள்ள மறைஞ்சு கிடக்கு. இது மட்டும் பெயின்ற வெட்டிக்கொண்டு பளபளக்குது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நிரப்ப விருப்பமில்லாட்டிச் சொல்லும். எங்கட வயித்தில அடிக்காதயும்" என்று கத்தினேன்.

அவர் கத்தவில்லை. கொட்டிலின் நடுவில் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். காற்றை அழுத்தி அடைக்கும்போது சிலிண்டர் சூடாகும். அதனால் தொட்டிக்குள் நிறுத்தி, மெல்ல மெல்லத்தான் நிரப்புவார்கள். ஒருவர் அழுத்தமானியைப் பார்த்தபடி சிலிண்டரில் கை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். சூடு கூடினால் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

"இத நிரப்பக்குள்ள பக்கத்தில நிக்கிறது என்ட மனிசி" என்றார்.

அவர் மனைவி மூலையில் வடிகட்டி கழுவிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து, நான் அடித்த இலக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன். அன்று பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

அடுத்த நாள் காலையிலேயே கொட்டிலில் வைத்து எனக்காகச் சோதித்தார்கள். வால்வைக் கழற்றிக் கவிழ்த்தபோது துரு செதில் செதிலாகக் கொட்டியது. "இதோட விட்டிடலாம். ஆனா நீங்க உங்கட கண்ணால பாக்கவேணும்" என்றார் பறங்கியர். சிலிண்டரில் வாய்வரை தண்ணீர் நிரப்பிக் கைப் பம்பால் அழுத்தினார். காற்று நிரப்பும் அழுத்தத்தில் பாதிவரைதான் மானியின் முள் ஏறியிருக்கும். அடிப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்து, தண்ணீர் ஒழுகியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

"தண்ணி எண்டபடியா ஒழுகுது" என்று சொல்லி மனைவியைக் காட்டினார். "காத்தெண்டா வெடிச்சிருக்கும். கொட்டிலும் இல்ல, அவவும் இல்ல."

அங்கிருந்த மரக்குற்றியில் உட்கார்ந்து அழுதேன். இனி யாரும் நிரப்பாதபடி அவர் என் சிலிண்டரில் துளை போட்டார். பிறகு தன்னுடைய சிலிண்டர் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். "கொண்டு போங்க. பருவம் முடியத் தாங்க." அந்தச் சிலிண்டரோடுதான் நான் படகேறினேன். பிள்ளைகள் என் உழைப்பில் சாப்பிட்டார்கள்.

அடுத்த பருவத்துக்குச் சொந்தமாக ஒன்று வாங்கினேன். பழையதுதான், ஆனால் முறையாகச் சோதித்தது. கொட்டிலுக்குக் கொண்டு போனபோது அவர் வழக்கம்போல இலக்கத்தில் விரலை ஓட்டினார். வால்வைக் கழற்றி விளக்கை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"எங்க சோதிச்சது?"

"திருகோணமலையில" என்றேன். அதே பதில். அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"உண்மையா அண்ணன்?" என்று அவர் மனைவி கேட்டார்.

"ஓம் தங்கச்சி."

அவர் மனைவி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தொட்டியடிக்கு வந்தார். எப்போதும் நிற்கிற இடத்தில் நின்று, என் சிலிண்டரில் உள்ளங்கையை வைத்தார்.