நாற்பது நாள் பழைய இரத்தம்

அந்தமானில், பாம்பூஃப்ளாட் படகுத்துறையில் ஏழே படிகள். ஐந்தாவது படியில் நின்றுவிட்டேன். நெஞ்சை யாரோ முழங்காலால் அழுத்துவதுபோல் இருந்தது. இடது கை மரத்தது. படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவன் நான். ஃபெர்ரியைத் தவறவிட்டது அன்றுதான் முதல் தடவை.

போர்ட் பிளேரில் வங்காளி டாக்டர் ஒருவர், ஆஞ்ஜைனா (இதயத்துக்கு இரத்தம் போதாமல் வரும் வலி) என்றார். கொலஸ்ட்ரால் (இரத்தத்தில் கலந்துள்ள கொழுப்பு) பார்க்க இரத்தம் எடுத்தார்கள். சோதனை மெட்ராஸில். இரத்தம் கப்பலில் போய், முடிவு கப்பலில் திரும்ப வேண்டும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அந்தக் கணக்கில் எனக்கு ஒரு சென்ட் நிலம்கூடத் தேறாது. தினமும் துறைமுகத்துக்குப் போய், கப்பல் எப்போது என்று கேட்டு எல்லோரையும் அரித்தேன்.

கொழுப்பு அதிகம் என்று வந்தது. வலி வந்தால் நாக்கின் அடியில் வைக்க மாத்திரை கொடுத்தார் டாக்டர். பன்றிக்கறி, பொரித்த மீன் கூடாது. வெந்தயமும் இசப்கோலும் (கொழுப்பைக் குறைக்க உதவும் விதை உமி) கொடுக்கலாமா என்று என் மனைவி ரோசலின் கேட்டாள்.

"தே சக்தே ஹோ. லேகின் ரோஜ்," என்றார். கொடுக்கலாம், ஆனால் தினமும்.

மூன்று மாதம் ஒழுங்காக இருந்தேன். வியர்வையில்கூட வெந்தய வாசம் அடித்தது. மறுபடி இரத்தம் எடுத்தார்கள்.

அங்கேதான் புத்தி கெட்டது. ஊசியை உருவியதும் பரீட்சை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். இரத்தம்தான் கப்பல் ஏறிவிட்டதே, இனி நான் தின்பது அதற்கு எப்படித் தெரியும்? பழைய குருடி, கதவைத் திறடி என்று பன்றிக்கறிக்குத் திரும்பினேன்.

"ஊற வச்ச வெந்தயம் அப்படியே கெடக்கு. யார ஏமாத்துதிய?" என்றாள் ரோசலின்.

"ரிசல்ட் வரட்டும்டி, பாத்துக்கிடலாம்."

கடல் சரியில்லை, கப்பல் தாமதம். நாற்பதாம் நாள் தபாலில் காகிதம் வந்தது. கொழுப்பு நன்றாகக் குறைந்திருந்தது! சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரோசலினோடு ஆஸ்பத்திரி மேடு ஏறினேன். பாதி மேட்டில் வலி பிடித்தது. நல்ல செய்தி பைக்குள் இருக்க, நான் மண்ணில் உட்கார்ந்திருந்தேன். செத்துவிடுவேன் என்று பயந்தேன். மாத்திரையை நாக்கின் அடியில் வைத்தவள் ரோசலின்தான்.

டாக்டர் காகிதத்தில் இரத்தம் எடுத்த தேதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இந்தக் காகிதத்தில் இருக்கிறவனுக்கு உடம்பு தேவலை. அவன் எங்கே?" என்று இந்தியில் கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. ரோசலின் அழுதுவிட்டாள்.

பத்து நாள் படுக்கையில் கிடந்து எழுந்தேன். இதே வலியோடு இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: உமியும் வெந்தயமும் மாத்திரைக்குப் பதில் ஆகாது. டாக்டரிடம் சொல்லாமல் எதையும் தின்னாதீர்கள், எதையும் நிறுத்தாதீர்கள்.

இப்போது கொழுப்பு எவ்வளவு என்று ஃபெர்ரியில் விசாரிக்கிறார்கள். தெரியாது என்கிறேன். கப்பல் வந்தால், போன மாதம் நான் எப்படி இருந்தேன் என்று தெரியும். இன்றைக்கு இருக்கிறவனுக்கு இன்றைக்குக் குடிக்கிற உமிதான்.