மாமியார் நேர்ந்த மண்டையப்பம்

தலைவலி என்று சொன்னது நான்தான். யாரும் என் வாயைக் கிண்டவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. நான் சோற்றையே மறைத்தவள். கணவர் வளைகுடாவில், வீட்டில் நானும் மாமியாரும்தான். அவர் அசந்த நேரம் சட்டியோடு தின்பேன். பிறகு சத்தம் கேட்காமலிருக்கக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அத்தனையையும் வாந்தியெடுப்பேன். கல்லூரியில் பாடம் நடத்துகிறவளுக்கு இப்படியொரு நோய் என்று எந்த வாயால் சொல்வது?

மாத்திரையும் ஆலோசனையும் போதாமல் போனபோது, திருவனந்தபுரத்து டாக்டர் தலையில் காந்தம் வைத்துப் பார்க்கலாம் என்றார். கத்தி இல்லை, மயக்க ஊசி இல்லை. உறுதி சொல்ல முடியாது, சிலருக்கு அந்த வெறி அடங்குகிறது என்றார். கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டினால் தெரிந்த முகம் குறையும் என்பதும் எனக்கு வசதி. நாற்காலியில் உட்கார்ந்தால் நெற்றிக்கு மேலே ஒரு சுருளை வைப்பார்கள். மரங்கொத்தி கொத்துகிறதுபோல டக்டக்கென்று அடிக்கும், இடது புருவம் துடிக்கும். அவ்வளவுதான். சில வாரங்களில் வெறி குறையத்தான் செய்தது.

தலைக்கு வைத்தியம் என்றால் வீட்டில் தலைவலி என்றுதானே சொல்ல முடியும்? மாமியார் உடனே மண்டைக்காட்டு அம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்துகொண்டார். தலைநோய் தீர அரிசிமாவும் வெல்லமும் சிறுபயறும் பிசைந்து, தலைபோல உருட்டி அவித்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். "இப்ப பரவாயில்ல மாமி" என்று நான் சொன்ன வாரமே, வீங்கிய முட்டியோடு பஸ் ஏறிப்போய்ப் படைத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"முழுசும் நீதான் திங்கணும் மக்கா. அம்மைக்க பிரசாதமாக்கும்."

தின்றேன். அவர் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி விள்ளல் இறங்கும்போதே பழைய வெறி வந்துவிட்டது. அப்படி வந்தால் யாரோடாவது உட்கார்ந்து பேசுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆள் எதிரிலேயே இருந்தார். எனக்குத்தான் வாய் வரவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திருகினேன். தண்ணீர் வரவில்லை. வாந்தியை என்னால் நிறுத்தவும் முடியவில்லை; சத்தம் வெளியே கேட்டிருக்கும்.

வெளியே வந்தபோது அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"அம்மை ஏத்துக்கிடல்ல. பஸ்ல எடத்துக்குச் சண்டபோட்டு ஒருத்திய ஏசிப்போட்டேன், அந்தத் தோசந்தான். இன்னொருக்கப் போயி படைச்சிட்டு வாறேன்."

வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"போவண்டாம் மாமி. எனக்குத் தலவலியே கெடையாது."

"பின்ன தலையில என்னத்துக்கு மிசின் வச்சாவ?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். ஒளிந்து தின்பதை, குழாயைத் திறப்பதை, எல்லாவற்றையும். சொல்லி முடித்தும் நிமிரவில்லை. ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் கையிலிருந்த செருப்பை மெல்லக் கீழே போட்டார்.

"நான் பொங்கிப் போட்டது அம்புட்டு மோசமாவா மக்கா இருந்துது?" என்று கேட்டார்.